காலணியைக் கழற்றச் சொன்ன அம்மையார்



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகத் தாய்மார்கள் விடிந்தும் விடியாமலும் சாலையோரம் காத்து நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வீட்டில் விட்டு வந்த மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிய கவலையும் அவர்களோடு பஸ்ஸில் ஏறுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் உரோமை நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியிலும் இதே கவலைதான். அதற்கு விடை தேடப் புறப்பட்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், 1896-இல் மருத்துவரானார். 1907 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவன்று, சான் லொரென்சோவில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அந்தக் குடியிருப்பின் உரிமையாளர்களுக்குப் பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரைப் பாழாக்காமல் இருந்தால் போதும் என்பதே அவர்கள் எண்ணம். அம்மையாரோ அந்தப் பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்தார்.

1908 டிசம்பர் 28 அன்று மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்பு சகோதரிகளின் மடத்தில் சேர்க்கப்பட்டனர். (இத்துறவற சபை வேர்விட்ட இடம் நம் உதகமண்டலம் என்பது நமக்குப் பெருமை.) அக்குழந்தைகள் பேசவில்லை, சரியாக உண்ணவில்லை, இரவில் அலறி அழுதார்கள். அம்மையாரின் முறையில் அங்கே இல்லம் தொடங்கியது. மடத்துத் தோட்டத்தில் பிள்ளைகள் ஓடினார்கள். வீட்டுச் சாமான்களைச் சுமந்து போய் மரத்தடியில் அடுக்கினார்கள். மெல்ல மெல்லச் சிரிப்பு திரும்பியது. மருந்தால் வந்த குணமல்ல இது என்பதை அந்த மருத்துவர் கண்டார்.

குழந்தையை இயற்கையிடமிருந்து பிரித்து வைப்பது அதன் உள்ளத்தையும் உடலையும் வாட்டும் என்பது அவர் கருத்து. மழையில் ஓடவும், தேங்கிய நீரைக் கண்டால் காலணியைக் கழற்றவும், பனி படர்ந்த புல்லை வெறுங்காலால் மிதிக்கவும் பிள்ளைகளை விட வேண்டும் என்று எழுதினார். உலகுக்கே காலணி தைத்து அனுப்பும் ஊர்க்காரர்களாகிய நாம் இதைச் சற்று நின்று கேட்கலாம்!

அவருடைய வாழ்விலும் ஒரு காயம் உண்டு. திருமணமாகாமல் பெற்ற மகன் மாரியோவை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர விட நேர்ந்தது. பல ஆண்டுகள் அவரை மகன் என்று வெளியில் சொல்லவும் முடியவில்லை. பிறர் பிள்ளைகளின் தனிமையை அவர் புரிந்துகொண்டதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுத் தாயும் மகனும் சென்னை அடையாறுக்கு வந்தனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், ஆங்கிலேய அரசுக்கு இருவரும் பகை நாட்டவர் ஆயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளன்று அவர் விடுவிக்கப்பட்டார். 1942-இல் இருவரும் கொடைக்கானல் சென்றனர். அங்கே இலை, பூச்சி, நீர்ச்செடி என்று கண்ணில் பட்டதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடமானது. அண்டம் முழுவதையும் ஒரே குடும்பமாகக் காட்டும் அவருடைய கல்விமுறை இந்தத் தமிழ் மலையில்தான் முதிர்ந்தது. 1952 மே 6 அன்று ஹாலந்தில் இறந்தார். அதே ஆண்டில்தான் நம் வேலூர் மறைமாவட்டமும் பிறந்தது.

கொடைக்கானலில் இது எளிது, தோல் தொழில் நடக்கும் ஊரில் எந்த மண்ணைத் தொடச் சொல்வது என்று ஓர் ஆசிரியை நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பே எடுத்துரைத்தது. பாலாற்றை நாம் அறிவோம். ஆனால் சான் லொரென்சோவிலும் காடு இல்லை, ஒரு முற்றம்தான் இருந்தது. பெயர்ப் பலகையில் மாண்டிசோரி என்று எழுதி, மாடி அறைக்குள் பிள்ளைகளை அடைத்து வைக்கும் பள்ளிகளுக்கு அந்த முற்றமும் இல்லை.

பிறரைச் சொல்லுவானேன்? முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், சீருடை அழுக்காகிறது என்ற புகாருக்குப் பயந்து, மழலையர் பள்ளி முற்றம் முழுவதற்கும் சிமெண்ட் போட்டது நாமேதான். இப்போதைய பங்கில் சென்ற ஜூன் மாதம் முற்றத்தின் ஒரு மூலையைப் பெயர்த்தெடுத்து, தொலைவிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து கொட்டினோம். கிணற்று நீர் உப்பு என்பதால் மழைநீர்த் தொட்டியிலிருந்து ஊற்றுகிறோம். வெந்தயமும் தண்டுக்கீரையும் முளைத்திருக்கின்றன. காலையில் அழுதுகொண்டே வரும் ஒரு சிறுமி, வகுப்புக்குள் போகும் முன் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்து கொள்கிறாள். மணி அடித்தும் அவளை யாரும் அவசரப்படுத்துவதில்லை.