விண்ணொளி அளந்த வித்தகர் போக்சன்

காவிரி ஜேடர்பாளையத்தில் அணையால் தடுக்கப்பெற்று, ராஜா வாய்க்காலில் திரும்பிப் பரமத்தி வேலூர் வட்டாரத்து வயல்களை நனைக்கிறது. ஆற்று நீரை அளந்து பங்கிடும் அறிவே அப்பகுதியின் வேளாண்மைக்கு அடிப்படை. வானத்து ஒளிக்கும் அவ்வாறு ஓர் அளவை வகுத்துத் தந்தவர் நார்மன் இராபர்ட் போக்சன். இங்கிலாந்தில் பிறந்து, தம் வாழ்நாளில் ஏறத்தாழப் பாதியைச் சென்னையில் கழித்து, அம்மண்ணிலேயே மறைந்த அவ்வறிஞரின் வாழ்வு தமிழர் நினைவுகூரத்தக்கது.

போக்சன் 1829ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். இளமையிலேயே கணக்கில் பெருவிருப்பம் கொண்ட அவர், தம் 18ஆம் அகவையில் இரண்டு வால்மீன்களின் பாதைகளைக் கணித்தார். ஒரு வால்மீன் செல்லும் பாதையை வரையறுக்க வேண்டுமாயின், இடைவெளி விட்டு மூன்று வேளைகளிலேனும் அதன் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறித்தல் வேண்டும். இளம்பருவத்தில் அவர் கற்ற இந்தப் பாடம் பின்னாளில் அவருடைய வாழ்விலேயே ஒரு பெருஞ்சோதனையாக வந்து நின்றது.

இலண்டனில் சிலகாலம் பயின்றபின், 1852இல் ஆக்சுபோர்டு நகரின் இராட்கிளிஃப் வானாய்வுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1856இல் அங்கிருந்து ஐசிசு என்னும் குறுங்கோளைக் கண்டறிந்தார். அதே ஆண்டில்தான் அவர் பெயரை நிலைநிறுத்திய கருத்தும் வெளிவந்தது. பண்டைக் கிரேக்கர் விண்மீன்களை ஒளிக்கேற்ப ஆறு தரங்களாகப் பகுத்திருந்தனர். மிகுபொலிவுடையது முதல் தரம். கண்ணுக்கு அரிதில் புலப்படுவது ஆறாம் தரம். ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையே எத்துணை வேறுபாடு என்பதில் ஆய்வாளரிடையே ஒருமைப்பாடு இல்லை. முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட 100 மடங்கு ஒளியுடையது எனக் கொண்டால், தரத்திற்குத் தரம் 2.512 மடங்கு வேறுபாடு அமையும் எனப் போக்சன் முன்மொழிந்தார். ஐந்து முறை தன்னைத் தானே பெருக்கினால் நூறாகும் எண் அது. இன்றளவும் உலகெங்கும் வழங்கும் பொலிவு அளவை அதுவே.

வால்மீனை ஆராய்வார்க்கு இவ்வளவை இன்றியமையாதது. விண்மீன் புள்ளியாய்த் தோன்றும். வால்மீனோ புகைபோல் பரந்து தோன்றும். ஆகவே தொலைநோக்கியின் குவியத்தைச் சற்றே மாற்றி விண்மீனையும் பரந்த வட்டமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு வால்மீனின் தரத்தை மதிப்பிடுவர். கதிரவனை நெருங்குந்தோறும் அதன் பனிக்கட்டி ஆவியாகி வளிமமும் தூசும் மிகும். ஒளியும் விரைந்து பெருகும். இவ்வேற்றத்தாழ்வை நாள்தோறும் எண்ணால் குறிக்க வழிசெய்தது போக்சனின் அளவை.

1860இல் அரசு வானியலாளராக நியமனம் பெற்ற போக்சன், 1861 பிப்ரவரியில் சென்னை வந்தடைந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுப்பப்பெற்ற வானாய்வுக் கூடம் அவர் பொறுப்பில் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அவர் ஒரு குறுங்கோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பெற்ற முதற்குறுங்கோள் ஆதலின் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். வாழ்நாளில் அவர் கண்ட குறுங்கோள்கள் எட்டு. அவற்றுள் ஐந்து சென்னையில் கண்டவை. 1868ஆம் ஆண்டின் முழுக் கதிரவ மறைப்பை மசூலிப்பட்டினத்திலும், 1871ஆம் ஆண்டின் மறைப்பைக் கொங்குநாட்டு அவிநாசியிலும் ஆராய்ந்தார். அவருக்குத் துணையாய் விளங்கிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ்பெற்றார்.

போக்சனின் வாழ்வில் மறக்கவொண்ணா நிகழ்ச்சி 1872இன் இறுதியில் நேர்ந்தது. பீலா வால்மீன் ஏறத்தாழ ஆறே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றிவந்தது. 1846இல் வானியலாளர் கண்ணெதிரே அது இரண்டாகப் பிளவுற்றது. 1852இல் இரு துண்டுகளும் இணையாக வந்தன. அதன்பின் எவர் கண்ணிலும் அது படவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, அதன் பாதையைப் பூமி கடந்தபோது, மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிமீன்கள் பொழிந்தன. அவை ஆந்திரமேடா விண்மீன்குழுவின் திசையிலிருந்து வருவனபோல் தோன்றின. பூமியைக் கடந்த திரள் அதற்கு நேர் எதிர்த்திசையில் செல்ல வேண்டும் எனக் கோட்டிங்கன் நகர வானியலாளர் கிளிங்கர்ஃபூசு உய்த்துணர்ந்தார். அத்திசையில் உள்ளது சென்டாரசு என்னும் தென்வானத்து விண்மீன்குழு. செருமனியில் அப்பகுதி அடிவானத்தை ஒட்டியே நின்றுவிடும். எனவே நவம்பர் 30ஆம் நாள் அவர் சென்னைக்குத் தந்தி அடித்து, அங்கே தேடுமாறு போக்சனை வேண்டினார்.

சென்னையிலோ வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் வழிவிடக் காத்திருந்த போக்சன், டிசம்பர்த் தொடக்கத்தில் விடியற்பொழுதில் குறித்த திசைக்கருகே ஒரு வால்மீனைக் கண்டார். அடுத்த விடியலிலும் அது தெரிந்தது. மங்கிய சிறு வாலும் புலப்பட்டது. இருமுறையும் அதன் இருப்பிடத்தைக் குறித்தார். மூன்றாம் முறை காண இயலாதவாறு மேகம் மூடிக்கொண்டது. இரண்டு குறிப்புகளைக்கொண்டு பாதையை வரையறுத்தல் இயலாது. பீலாவையே கண்டதாகப் போக்சன் நம்பினார். பின்னர்க் கணித்தோர், பீலாவின் துண்டுகள் அவ்வேளையில் அவ்விடத்தில் இருந்திருக்க முடியாது என்று கண்டனர். அவர் கண்டது வேறொரு வால்மீனாதல் வேண்டும். அது இன்றும் பாதை அறியப்படாத வால்மீனாகவே போக்சன் பெயரால் குறிக்கப்பெறுகிறது. ஒரே ஒரு தெளிந்த விடியல் கிட்டியிருப்பின் ஐயம் தீர்ந்திருக்கும். எனினும் கண்டதைக் கண்டவாறே நேரத்தோடும் இடத்தோடும் அவர் பதிந்துவைத்தமையால்தான், அவருடைய நம்பிக்கையையே பின்வந்தோர் சரிபார்த்துத் திருத்த முடிந்தது.

அவருடைய குடும்ப வாழ்வு துயரும் உழைப்பும் கலந்தது. முதல் மனைவி எலிசபெத்து 1869இல் மறைந்தார். மகள் ஐசிசு 1873 முதல் வானாய்வுக் கூடத்தில் உதவியாளராய்ப் பணியாற்றினார். பின்னர் வானிலைப் பொறுப்பையும் ஏற்றார். 1886இல் மகளை அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக்கப் போக்சன் பரிந்துரைத்தார். பெண் என்ற காரணத்தால் கழகம் மறுத்தது. அக்கழகம் அவரை ஏற்றது 1920இல்தான். தந்தை அப்போது இல்லை.

ஆளும் பொருளும் போதாத கூடத்தில் போக்சன் நோக்கிக் குறித்தவை மலைபோல் குவிந்தன, அச்சேறியவை சிலவே. இதனால் இலண்டன் அறிஞர் சிலரின் குறைகூறலுக்கு அவர் ஆளானார். 30 ஆண்டுகள் சென்னையிலேயே உழைத்து, 1891 ஜூன் மாதம் அங்கேயே உயிர்நீத்தார். விண்மீன் குறிப்புகளைத் தொகுப்புகளாக அச்சிட்டு முடிக்கும் பணி அவருக்குப்பின் வந்தோரிடம் சேர்ந்தது. ஒளி மாறும் விண்மீன்கள் பற்றிய அவருடைய நெடுநாள் குறிப்புகள் 1908இல்தான் நூலுருப் பெற்றன. 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. நுங்கம்பாக்கத்தில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் அப்பழைய கூடத்தின் சான்றாய் எஞ்சியுள்ளது.

ஆலி வால்மீன் 1986இல் வந்தது. மீண்டும் 2061இல் வரும். அன்று காவிரிக்கரையில் நின்று அதனைப் பார்க்கும் மாணவர் ஒருவர் அதன் பொலிவை ஓர் எண்ணால் தம் ஏட்டில் குறிப்பாராயின், அவ்வெண்ணின் பின்னே சென்னையில் கண்விழித்த ஒரு மனிதரின் உழைப்பு இருக்கும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் சொல்லித்தருதல் நம் கடன்.