நிறுத்தம் அறிந்த நாவலர்

‘செம்பொன்பதின்றொடி’ என்பது பழைய இலக்கண உரைகளில் வரும் ஓர் எடுத்துக்காட்டு. தொடி என்பது ஓர் எடையளவு. ‘செம்பொன்’ என்று சொல்லிச் சற்று நிறுத்திப் ‘பதின்றொடி’ என்றால், பத்துத் தொடிப் பொன். ‘செம்பு’ என்று நிறுத்தி ‘ஒன்பதின்றொடி’ என்றால், ஒன்பது தொடிச் செம்பு. பேசும்போது காது இதைத் தீர்த்துவிடும். ஆனால், இதையே ஒரு சீட்டில் எழுதிப் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள நகைக்கடை ஒன்றில் நீட்டினால், கடைக்காரர் எதை எடுத்து வைப்பார்?

நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் எழுதினர். ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதால், மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவர். எங்கே நிறுத்துவது என்பதை ஆசிரியரின் வாயிலிருந்து கேட்டே மாணவர் அறிந்தனர். ஆசிரியர் கிடைக்காதவருக்கு நூலும் கிடைக்காதது போலத்தான்.

இந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் முதன்மையானவர் ஆறுமுக நாவலர். இவர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தார். தமிழைப் புலவர்களிடமும் ஆங்கிலத்தை மெதடிஸ்த பாடசாலையிலும் கற்றார். பின் அப்பாடசாலையிலேயே ஆசிரியரானார். அதன் தலைவர் பீட்டர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது, நாவலர் அவருக்குத் துணைநின்றார். காற்புள்ளியும் அரைப்புள்ளியும் ஆங்கில உரைநடையில் என்ன வேலை செய்கின்றன என்பதை அருகிலிருந்து காண இது நல்ல வாய்ப்பாயிற்று.

1847ஆம் ஆண்டின் கடைசி நாளில், வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவச் சொற்பொழிவைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. எதிரே அமர்ந்திருந்தவர்கள் புலவர்கள் மட்டும் அல்லர். ஏடு படிக்காத ஊர்மக்களும் இருந்தனர். எங்கே நிறுத்தினால் கருத்து மனத்தில் பதியும் என்பதை அந்த முகங்களே அவருக்குக் காட்டியிருக்கும். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயப் பணிக்காகச் சம்பளம் தந்த ஆசிரியப் பணியை உதறினார். மறு ஆண்டு தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் வழங்கியது. அதே பயணத்தில் சென்னையில் அச்சியந்திரம் ஒன்றையும் வாங்கினார். பட்டத்தைவிட அந்த இயந்திரமே பெரிய பேறு என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த அச்சகத்தில் சிறுவர்களுக்காகப் பாலபாடங்கள் வெளிவந்தன. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட பெரியபுராணம், 1852இல் உரைநடை நூலாயிற்று. கடினமான சந்திகளைப் பிரித்தார். சொற்களுக்கு இடைவெளி விட்டார். நிறுத்தக்குறிகளை முறையாக இட்டார். மேடையில் குரல் செய்த வேலையைத் தாளில் புள்ளிகள் செய்தன. அவருடைய வாக்கியங்கள் இன்றைய கண்ணுக்கு நீளமானவைதாம். ஆயினும், மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் ஒரு குறி இருக்கும். ஆசிரியர் அருகில் இல்லாத பிள்ளையும் அதைத் தடுமாறாமல் படிக்கலாம்.

நன்னூலுக்கு உரையும் எழுதினார். திருக்குறள் பரிமேலழகர் உரையைப் பதிப்பித்தார். சிதம்பரத்தில் பள்ளி நிறுவினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், 57 வயது நிறையப் பதின்மூன்று நாள் இருக்கையில், யாழ்ப்பாணத்தில் காலமானார். அவருடைய பாலபாடங்களை அதன் பின்னரும் பள்ளிப் பிள்ளைகள் படித்துவந்தனர்.