எந்த ஊர்ப் பெண் அம்ரிதா?

டில்லியில் இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் தேசிய நவீன கலைக்கூடம் இருக்கிறது. அதன் சேகரிப்பில் ‘பிரம்மச்சாரிகள்’ என்று ஓர் ஓவியம் உண்டு. வெள்ளை வேட்டி, திறந்த மார்பு, பூணூல். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் பார்த்த முகங்கள் போலவே இருக்கும். இதை வரைந்தவர் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்து பாரிஸில் படித்த பெண்மணி என்றால் நம்புவது கடினம். அவர்தான் அம்ரிதா ஷெர்கில்.

பிறந்தது 1913-ம் ஆண்டு ஜனவரி 30-ல். தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபு, சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். தாய் ஹங்கேரிக்காரர், இசை தெரிந்தவர். முதல் உலகப் போர்க் காலம் முழுவதும் குடும்பம் ஹங்கேரியிலேயே இருந்தது. 1921-ல்தான் சிம்லாவுக்கு வந்து சேர்ந்தார்கள். சிறுமிக்கு எந்நேரமும் வரைவதுதான் வேலை. 1929-ல், பதினாறு வயதில், பாரிஸுக்கு அழைத்துப் போய் ஓவியப் பள்ளியில் சேர்த்தார்கள்.

அங்கே பெயர் வாங்குவதற்கு நாளாகவில்லை. 1932-ல் வரைந்த ‘இளம் பெண்கள்’ படத்துக்கு மறு வருஷமே தங்கப் பதக்கம். ஆனாலும் அந்த நாட்களில் அவர் தன்னையே திரும்பத் திரும்ப வரைந்து கொண்டிருந்தார். ஒரு படத்தில் ஐரோப்பியச் சீமாட்டி. 1934-ல் வரைந்த இன்னொன்றில் தென்கடல் தீவான தாஹிதியின் பெண். கண்ணாடி முன் நின்று, நான் யார் என்று கேட்டுக் கொண்டிருந்தது போல் இருக்கிறது. அவருடைய வண்ணங்களுக்குச் சொந்த இடம் மேற்கு அல்ல, கீழ்த்திசையே என்று ஆசிரியர் லூசியன் சிமோனும் சொல்லி வந்தார். இந்தியா திரும்புவது என்று மகள் முடிவு செய்தபோது தந்தைக்கே அதில் அவ்வளவு இஷ்டமில்லை. மகள் கேட்கவில்லை. 1934 முடிவில் வந்துவிட்டார். ஐரோப்பிய உடையை விட்டுப் புடவைக்கு மாறினார்.

வந்த இடத்தில் மாலை மரியாதை ஒன்றும் காத்திருக்கவில்லை. 1935-ல் சிம்லா நுண்கலைச் சங்கத்துக்குப் பத்துப் படங்கள் அனுப்பினார். ஐந்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, எடுத்துக் கொண்டதில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசே வேண்டாம் என்று எழுதிவிட்டார். கோபக்காரர்தான்!

1936 கடைசியில் பம்பாயில் கண்காட்சி நடத்திவிட்டுத் தெற்கே புறப்பட்டார். அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத், திருவனந்தபுரம், கொச்சி, அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த கன்னியாகுமரி. ஹைதராபாத்தில் நவாப் சாலார் ஜங் படங்களை வாங்கி வைத்திருந்து, பிறகு வேண்டாம் என்று திருப்பிவிட்டார். மைசூரிலும் ரவிவர்மா பாணிக்கு இருந்த மதிப்பு இவருக்குக் கிடைக்கவில்லை. கையில் பணம் சேரவில்லை. ஆனால் அஜந்தாவிலும், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையிலும் பார்த்த சுவரோவியங்கள் அவரை உலுக்கிவிட்டன. மட்டாஞ்சேரியில் நாட்கணக்கில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்து வரைந்தார்.

சிம்லா திரும்பியதும் 1937-ல் மூன்று படங்கள் பிறந்தன: ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னாட்டுக் கிராமத்தார்’. காலண்டர்களில் தேவியர் எல்லாம் சிவப்பாக இருந்த காலம் அது. அம்ரிதாவோ தெற்கத்திய உடம்பின் கறுப்பை வெளுக்காமல் அப்படியே தீட்டினார். அந்தக் கறுப்பின் மேல் வெள்ளைத் துணி எவ்வளவு அழகாக விழுகிறது என்பதைச் சந்தைப் படத்தில் பார்க்கலாம். பாரிஸ் பாடமும் அஜந்தா பாடமும் அங்கே ஒன்றாகிவிட்டன.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். அவர் வரைந்த ஏழைகள் யாரும் சிரிப்பதில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் வாயாடாமல் போவார்களா? பங்களாவில் வளர்ந்த கண்ணுக்கு ஏழையின் சோகம் தெரிந்த அளவு சிரிப்பு தெரியவில்லை போலும்.

1938-ல் ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினரான டாக்டர் விக்டர் ஈகனை மணந்தார். இரு வீட்டிலும் முழு மனதில்லை. இந்தியா திரும்பி, கோரக்பூர் அருகே சராயாவில், குடும்பத்தின் சர்க்கரை ஆலை இருந்த ஊரில் வாழ்ந்தார்கள். 1941 செப்டம்பரில் லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். டிசம்பரில் அங்கே கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அதற்குள் திடீரென்று நோய். டிசம்பர் 5-ம் தேதி காலமானார். வயது 28. என்ன நோய் என்பது இன்றுவரை தீராத விவாதம். மாடியிலிருந்து தெரிந்த வீடுகளையும் எருமைகளையும் வரைந்த கடைசிப் படம் பாதியில் நின்றது.

அதே நாட்களில் பிரிட்டன் ஹங்கேரி மீது போர் அறிவித்தது. மனைவியை இழந்த விக்டர், பகை நாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார்.

1937-ல் வரைந்த ‘கதை சொல்லி’ படம் 2023-ல் 61 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. நவாப் திருப்பி அனுப்பிய படங்களை வைத்திருந்தால்! வாங்கியவர் யாரானாலும் ஒரு நிபந்தனை உண்டு. 1976-ல் மத்திய அரசு அம்ரிதாவின் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. இங்கே இருக்கும் அவர் படத்தை விற்கலாம், வாங்கலாம். புடாபெஸ்டுக்கோ பாரிஸுக்கோ எடுத்துக் கொண்டு போய்விட முடியாது.