மணலை வென்ற மட்டை

கோல்ஃப் பற்றி நம்ம மலரில் கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். பணக்காரங்க ஆட்டம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதப்போகும் ஜீன் சாரசன் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. கையால் வேலை செய்யத் தெரிந்தவர். அதனால்தான் அவரை நம்ம ஆள் என்கிறேன்.

1902 பிப்ரவரி 27 அன்று, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஹாரிசன் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள், அப்பா தச்சர். வீட்டில் வைத்த பெயர் யூஜெனியோ சாரசெனி. அது வயலின் வித்வான் பெயர் மாதிரி இருக்கிறதென்று தானே மாற்றிக்கொண்டார். சின்ன வயதிலேயே மைதானத்தில் அடுத்தவர் பையைத் தூக்கும் கேடி வேலை. பிறகு படிப்பை விட்டுத் தச்சு வேலை. அந்த வயதில் நுரையீரல் நோய் வந்து, பிழைத்ததே பெரிய விஷயம். வெளிக்காற்றில் வேலை பார்க்கச் சொன்னார்கள் டாக்டர்கள். மறுபடியும் மைதானத்துக்கே போனார். 1922-இல், இருபதே வயதில், அமெரிக்க ஓப்பன், பி.ஜி.ஏ. இரண்டையும் வென்றார்!

ஆனாலும் ஒரு தொல்லை விடவில்லை. பந்து விழவேண்டிய குழி இருக்கும் வழவழப்பான புல்தரையை கிரீன் என்பார்கள். அதைச் சுற்றி மணல் பள்ளங்கள், அதாவது பங்கர்கள் இருக்கும். அதில் பந்து விழுந்தால் சாரசன் திணறுவார். அன்றைய நிப்லிக் மட்டையின் அடி விளிம்பு மெல்லியது. அடித்ததும் மணலைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும்.

கையில் குற்றமா, கருவியில் குற்றமா? விமானம் மேலே எழும்பும்போது வால் தாழ்ந்து மூக்கு உயர்வதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததென்று பின்னாளில் அவர் சொல்லி வந்தார். ஃபுளோரிடாவில் உட்கார்ந்து, நிப்லிக்கின் அடிப்பக்கத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டினார், ராவினார், அடித்துப் பார்த்தார், மறுபடி ராவினார். முன்விளிம்பைவிடப் பின்பக்கம் தாழ்வாக வருகிற மாதிரி செய்தார்.

லேத்தில் டூல் உராயக்கூடாதென்று நாம் கிளியரன்ஸ் ஆங்கிள் கொடுக்கிறோம் இல்லையா? இவர் செய்தது நேர் எதிர். உராயட்டும் என்றே அடியைத் தடிமனாக்கினார். அதனால் மட்டை மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போனது. பந்தையே அடிக்கத் தேவையில்லை. ஓரிரு அங்குலம் பின்னால் மணலில் இறக்கி, நடுவில் நிறுத்தாமல் வீசினால் போதும். மணலோடு பந்தும் மெத்தென்று கிரீனில் வந்து விழும். இதை மணிக்கணக்கில் பழகினார்.

1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன். அதற்கு முந்தைய ஆண்டுதான் குழிந்த முகம் கொண்ட மணல் மட்டைகளைத் தடை செய்திருந்தார்கள். இதையும் தடுத்துவிடுவார்களோ என்று அதிகாரிகள் கண்ணில் படாமல் மறைத்து வைத்தார். 283 அடிகளில், ஐந்து அடி வித்தியாசத்தில் கோப்பை அவருக்கு! அதே மாதம் அமெரிக்க ஓப்பனும் அவருக்கே. 1935-இல் மாஸ்டர்ஸையும் வென்று, நான்கு பெரிய பட்டங்களும் பெற்ற முதல் ஆட்டக்காரர் ஆனார்.

1973-இல், 71 வயதில், ஸ்காட்லாந்தின் ட்ரூன் மைதானத்தில் 126 கஜ எட்டாவது குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டார். மறுநாள் அதே இடத்தில் பந்து பங்கரில் விழுந்தது. பதறவில்லை. அங்கிருந்தே நேராகக் குழிக்குள் அடித்தார்!

1999 மே 13 அன்று 97 வயதில் மறைந்தார். இன்று கோல்ஃப் ஆடுகிற யார் பையைத் திறந்தாலும் சாண்ட் வெட்ஜ் என்ற அந்த மட்டையின் வாரிசு இருக்கும்.

நண்பர்களே, ஒர்க்ஷாப்பில் ஜாப் சரியாக வரலைன்னா உடனே நமக்குக் கை வராது என்று சோர்ந்துவிடாதீர்கள். டூலையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள். திருத்திய பிறகு சாரசன் மாதிரி பழகவும் மறக்காதீர்கள்!