பன்னிரண்டடி அறை

சண்டிகர் நகரத்துக்குத் திட்டம் வகுத்த பிரெஞ்சுக் கட்டடக் கலை நிபுணர் லெ கார்பூசியே, கோடை காலத்தைக் கழித்தது எங்கே தெரியுமா? பன்னிரண்டடிச் சதுரமுள்ள ஒரு மரக்குடிலில்!

1887-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். தந்தை கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் தொழிலாளி. வீட்டுக்குள் இருக்கும் எதற்கும் மனித உடலே அளவுகோல் என்பது மகனின் கொள்கை. ஆறடி மனிதன் ஒருவனை எடுத்துக்கொண்டார்; 183 சென்டிமீட்டர். அவன் கையைத் தூக்கினால் எட்டுவது 226. ஆசனம், மேஜை, ஜன்னல் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கிலிருந்தே அளவு பிரித்தார். ஐந்தடி உயரப் பெண்மணிக்கு அந்த அலமாரி எட்டுமா? அதற்கு அதில் பதில் இல்லை, குறைதான்.

1952-ல் மத்தியதரைக் கடலோரம் ரோக்ப்ரூனில், மனைவி இவானுக்குப் பரிசாக அக்குடிலை அமைத்தார். பக்கத்துக்கு 366 சென்டிமீட்டர். அதாவது அந்த மனிதனைப்போல் இரு மடங்கு. உட்கூரை 226. படுக்கை, மேஜை, அலமாரி, கை கழுவும் தொட்டி அத்தனையும் அதற்குள் அடக்கம். அடுப்படி மட்டும் கிடையாது. சாப்பாட்டுக்கு, ஒட்டியிருந்த சிற்றுண்டி விடுதிக்குள் ஒரு கதவு!

1957-ல் இவான் காலமானார். அதன் பிறகும் அவர் அங்கே வந்துகொண்டிருந்தார். 1965 ஆகஸ்டு 27-ந் தேதி கடலில் நீந்தப் போனவர் உயிருடன் திரும்பவில்லை. அவ்வூர் மயானத்தில், தாமே திட்டமிட்டிருந்த கல்லறையில், மனைவியோடு அடக்கம் செய்யப்பட்டார்.