அடுப்பங்கரைக்கு வந்த உளவியல்

மேலே என்ன படிக்கப் போறேன்னு எங்க சித்தி கேட்டாங்க. சைக்காலஜி, அதாவது உளவியல் என்றேன். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவான்னு வீட்டில் எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்குப் பதில் சொல்லத் தெரியலை. இப்போ லில்லியன் கில்பிரெத் பற்றிப் படிச்ச பிறகு தெரியும்.

இவர் 1878-ம் ஆண்டு மே 24 அன்று அமெரிக்காவில் ஓக்லாந்து நகரில் பிறந்தார். பெண்ணுக்குக் கல்லூரி எதற்கு என்று அப்பா தயங்கினார். இவர் விடாமல் கேட்டுச் சேர்ந்து 1900-ல் பட்டம் வாங்கினார்.

1904-ல் பிராங்க் கில்பிரெத்தைத் திருமணம் செய்தார். பிராங்க் கொத்தனார் வேலையில் தொடங்கியவர். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் செய்ததை நாலைந்தாகக் குறைத்துக் காட்டியவர். அவர் வேலை செய்கிற கையைக் கவனித்தார். லில்லியன் மனதைக் கவனித்தார். ஆட்கள் ஏன் களைச்சுப் போறாங்க, ஏன் சலிச்சுப் போறாங்க என்று ஆராய்ந்தார். 1914-ல் நிர்வாக உளவியல் பற்றி இவர் எழுதிய புத்தகம் வந்தது. எழுதியவர் பெண் என்று தெரியக் கூடாதாம், அதனால் முழுப்பெயர் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டாங்க! 1915-ல் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இவருக்கு 12 குழந்தைகள். ஒரு பெண் சின்ன வயசிலேயே இறந்துவிட்டாள். 1924-ல் பிராங்கும் திடீரென்று மாரடைப்பில் இறந்தார். வீட்டில் 11 பிள்ளைகள். பெண்ணை நம்பி வேலை தர மாட்டோம் என்று கம்பெனிகள் ஒதுங்கின. லில்லியன் சோர்ந்து உட்காரவில்லை. பெண்கள் வேலை செய்யும் கடைக்கும் சமையலறைக்கும் தன் படிப்பைக் கொண்டு போனார்.

இதில் வேடிக்கை, அவருக்குச் சமையல் அவ்வளவாக வராது! அதனால் சமைப்பவர்களிடமே கேட்டார். அடுப்பும் சிங்க்கும் எவ்வளவு உயரம் இருந்தால் இடுப்பு வலிக்காது என்று 4000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்தார். சாமான்களைக் கைக்கெட்டும்படி மாற்றி வைத்தார். ஒரு கேக் செய்ய 281 காலடி நடந்த இடத்தில் 45 போதும் என்றானது. காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத்தொட்டி, பிரிட்ஜ் கதவின் உள்பக்கத் தட்டு, இதெல்லாம் இவர் யோசனைதான்.

1935-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1965-ல் அமெரிக்க தேசியப் பொறியியல் அகாடமியில் சேர்ந்த முதல் பெண் இவரே. 1972 ஜனவரி 2-ல் தம் 93-வது வயதில் காலமானார்.

இதைப் படிச்சதும் எங்க அம்மா சாம்பார் வைக்கும்போது காலடியை எண்ணினேன். 112! அம்மாவிடம் கேட்டுக்கொண்டு தண்ணீர்க் குடத்தை அடுப்புப் பக்கம் நகர்த்தினோம். மறுநாள் 70. முதல்லயே ஏன் யாரும் கேக்கலைன்னாங்க அம்மா.

உளவியல் படித்தவருக்கு ஆஸ்பத்திரியில் மட்டும் அல்ல. பள்ளிக்கூடம், தொழிற்சாலை, கடை, சமையலறை எல்லா இடத்திலும் வேலை இருக்கிறது. அடுத்த முறை சித்தி கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். நீங்களும் உங்க வீட்டில் எண்ணிப் பாருங்க!

— 9-ஆம் வகுப்பு மாணவி