தனிநாயகம் அடிகளின் தேடல்

செனாவாங் போன்ற தோட்டப்புறங்களில் தமிழர்கள் பால்மரம் சீவி வாழ்ந்த காலம். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குப் பேராசிரியராக வந்தார் தனிநாயகம் அடிகள். லயங்களில் பேசப்பட்ட அந்த மொழியை உலக அறிஞர்களின் அவையில் அமர்த்த வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அடிகள் 1913இல் யாழ்ப்பாணப் பகுதியிலுள்ள கரம்பொனில் பிறந்தார். ரோமில் படித்துக் கத்தோலிக்கக் குருவானார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தும், சங்க இலக்கியம் அவருக்கு எட்டாமலே இருந்தது. அந்தக் குறை அவரை உறுத்தியது. தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். முப்பது வயதைக் கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார். எளிய முடிவன்று அது! மலை, காடு, வயல், கடற்கரை என நிலம் மாறும்போது மக்களின் வாழ்வும் பாட்டும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அங்கு ஆராய்ந்தார்.

பின்னர், பழந்தமிழ் நூல்களைத் தேடி ஐரோப்பிய நூலகங்களுக்குச் சென்றார். புரொயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ் – போர்த்துகீசிய அகராதி 1679இல் அச்சேறியது. அதைக் காணாமலே பாதிரியார் இறந்திருந்தார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியை, அடிகள் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

அதே ஆண்டு ஏப்ரலில், அவர் முயற்சியால் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதனைத் தொடக்கி வைத்தார். பல நாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றிக் கட்டுரை படித்தனர்.

ஓய்வுக்குப் பின் இலங்கை திரும்பிய அடிகள், 1980 செப்டம்பர் 1இல் மறைந்தார். அடுத்த சனவரியில் ஐந்தாம் மாநாடு மதுரையில் அவரின்றிக் கூடியது.